முதலிடம் பெற்ற மாவட்டம்

எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் மிகுதி, எந்த ஆண்டில் மிகுதி என்ற கேள்விக்கு நம்மிடையே வெகுகாலமாக ஒரு சுலபமான விடை வழங்கி வருகிறது. டிசம்பர் முதல் தேதியை ஒட்டி, இன்ன மாவட்டத்தில் இத்தனை பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது என்று ஒரு பட்டியல் வெளியாகும். அதில் தொகை பெரிதாக இருக்கும் மாவட்டத்துக்கு 'முதலிடம்' என்ற பட்டம் கிடைக்கும். சென்ற ஆண்டைவிடத் தொகை கூடியிருந்தால் நோய் பரவுகிறது என்றும், குறைந்திருந்தால் நோய் ஒழிகிறது என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்து மறு காரியம் பார்க்கப் போய்விடுவோம். படித்தவர், படியாதவர், மேடையில் பேசுகிறவர், சுகாதாரத் துறையிலேயே உத்தியோகம் பார்ப்பவருள் சிலர் ஆகிய எல்லோரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டிருக்கும் இந்த அபிப்பிராயம் பிசகானது என்பதும், அந்தப் பிசகு காகிதத்தோடு நில்லாமல் மனிதர்களுக்குத் தீங்காக முடிகிறது என்பதும் என் கட்சி.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2005ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் 52 லட்சம் பேர் இத்தொற்றுடன் வாழ்வதாக மதிப்பிட்டிருந்த தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், 2007 ஜூலை மாதத்தில் தன் கணக்கைத் திருத்தி, ஏறத்தாழ 25 லட்சம் என்று அறிவித்தபோது, பாதிப் பேர் ஒரே நாளில் காணாமற் போய்விட்டார்கள் என்றும், ஆதியிலிருந்தே இது வெளிநாட்டுப் பணத்துக்காக ஊதிப் பெருக்கிய கதை என்றும் ஒரு கூட்டத்தார் கைகொட்டினார்கள். பட்டியலைக் கண்டு நடுங்குகிறவரும் திருத்தத்தைக் கண்டு நகைக்கிறவரும் ஒருவருக்கொருவர் விரோதிகள்போலத் தோன்றினாலும், அச்சிட்ட எண் என்பது ஊர் ஊராகத் தலையெண்ணிப் பெற்றது என்ற ஒரே நம்பிக்கையின்மேல்தான் இருவரும் காலூன்றி நிற்கிறார்கள். அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குவோம்.

எச்.ஐ.வி. உடலில் புகுந்த மனிதர் நோயாளியைப்போல் காணப்படுவதில்லை. முதற்சில வாரங்களில் ஒரு ஜுரம் வந்து போகலாம். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு, மருந்தே இல்லாவிட்டாலுங்கூட, எட்டு அல்லது பத்து வருஷ காலம் அவர் வண்டி ஓட்டுவார், வயலில் இறங்குவார், கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளை பெறுவார். அவருடைய தொற்று அவருக்கே தெரியாது. ஆகவே பட்டியலில் ஏறுகிறவர் தொற்றுக்கு ஆளானவர் அல்லர், சோதனைக்கு ஆளானவர். யார் சோதனைக்கு ஆளாகிறார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணி, காசநோய் கண்டவர், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர், ரத்த தானம் செய்ய வந்தவர், களப்பணியாளர் கெஞ்சிக் கூட்டி வந்தவர், கணவனை இழந்த பிறகு சந்தேகம் தட்டித் தானாகவே வந்த பெண். நம் மாநிலத்தில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர் சூட்டியிருக்கும் சோதனை நிலையங்கள் ஒரு மாவட்டத்தில் புதிதாகப் பத்துத் திறக்கப்பட்டால் மறு வருஷம் அம்மாவட்டத்தின் தொகை ஏறும். ஆலோசகர் பதவி ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் தொகை இறங்கும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் கிருமிக்குச் சம்பந்தமே இல்லாதிருக்கலாம். எத்தனை பேரைச் சோதித்து இத்தனை பேரைக் கண்டார்கள் என்ற சாதாரணமான விவரத்துக்குக்கூடப் பத்திரிகைப் பட்டியலில் ஒரு பத்தி ஒதுக்கப்படுவதில்லை என்பதைக் கவனித்தால், அது எதன் பட்டியல் என்பது விளங்கும்.

தேடிய இடத்தில்தான் கிடைக்கும் என்பதற்கு இந்தியாவின் முதல் கண்டுபிடிப்பே பிரமாணம். 1985ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் இந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தார். பம்பாயில் தேடியும் அகப்படாத ஒன்று, கட்டுப்பெட்டியான சென்னையில் எங்கே அகப்படப் போகிறது என்பதே அந்நாளைய பொது எண்ணம். நிர்மலா, பாலியல் தொழிலில் அகப்பட்டுக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். பிரித்த சீரத்தை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். சென்னையில் அச்சோதனைக்கு வசதி இல்லாமையால், கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுபோனார். 1986 பிப்ரவரியில் அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. அவசரப்படாமல் புதிய மாதிரி எடுத்து, அமெரிக்காவிலும் மறு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே, அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் செய்தியை வெளியிட்டார்.

அந்த இருவரின் காரியம் அரியது. ஆனால் அதிலிருந்து ஜனங்கள் செய்துகொண்ட அனுமானம் வேறு. கைதாகி இல்லத்தில் இருந்தமையால் கைக்கெட்டியவர்கள் அப்பெண்கள். அவர்களிடம் வந்துபோன ஆண்களின் கையை எந்த ஊசியும் தொடவில்லை. ஆறு பெண்களிடம் கண்டது ஆறு பெண்களால் வந்தது என்று ஆயிற்று. நோயின் முதல் வரைபடத்தைப் போலீஸாரின் கைவரிசை வரைந்து கொடுத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பிற்பாடு சுனிதி சாலமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்துக்குச் சிகிச்சை தேடி வந்த பெண்களுள் பெரும்பாலோர் கணவன் ஒருவனையன்றி வேறொருவரை அறியாத குடும்பப் பெண்கள் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியபோது, நோய் 'குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்டது' என்று பலர் திடுக்கிட்டார்கள். நுழைந்தது வெகுநாளுக்கு முன்பு, தேடியதுதான் அப்போது.

கண்ட தொகையைப் பரவல் என்று கொள்வதில் காலத்தைப் பற்றிய பிழை ஒன்றும் கலந்திருக்கிறது. 1990களின் இறுதியில் எய்ட்ஸ் முற்றி மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்பத்தாண்டின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ தொற்றுக்கு ஆளானவர்கள். அவர்களை எண்ணி "இந்த ஆண்டு நோய் பாய்ந்து வருகிறது" என்று எழுதியவர்கள் எட்டு வருஷத்துக்கு முந்திய செய்தியை இன்றைய செய்தியாக அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து வந்த பிறகு குழப்பம் வேறு திசையில் திரும்பிற்று. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசாங்கம் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தாம்பரம் சானடோரியம் என்று நாம் வழங்கும் அரசு நெஞ்சக மருத்துவமனை முதலில் தொடங்கிய நிலையங்களுள் ஒன்று. அதற்கு முன்பு, தொற்றுடையவர் இறக்க இறக்கத் தொகை தானே குறைந்துகொண்டிருந்தது. அந்தக் குறைவில் பாதி சுடுகாட்டுக் கணக்கு. பிறகு அவர்கள் சாகவில்லை; மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கி வேலைக்குப் போகிறார்கள். புதிதாகத் தொற்றுகிறவர்களின் தொகை பாதியாகக் குறைந்தாலுங்கூட, உயிரோடிருப்பவர்களின் மொத்தத் தொகை அப்படியே நிற்கலாம், சற்று ஏறவும் ஏறலாம். தமிழ்நாட்டில் இன்று ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் இத்தொற்றுடன் வாழ்கிறார்கள் என்ற மதிப்பீட்டைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், அத்தொகையின் பெரும்பகுதி உயிர் பிழைத்தவர்களால் ஆனது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, நாமக்கல். சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமான நாள் தொட்டு இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த அவப்பெயர் வேறெந்த மாவட்டத்துக்கும் கிடைக்கவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு முழுதும் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளும், முட்டைக்கும் கோழிக்குமாக ஓயாமல் ஓடும் லோடுகளும் அம்மாவட்டத்தின் ஜீவனம். அதையே சாட்சியாக நிறுத்தி, "லாரிக்காரர் ஊர், அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பு எழுதினார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் பேச்சைச் சுருக்கிக்கொண்டு எழுந்தவர்கள் உண்டு.

அந்தத் தீர்ப்பில் உண்மையே இல்லை என்று நான் வாதிக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, தாபாவில் உண்டு, வண்டியடியில் உறங்கும் ஓட்டுநரும் கிளீனரும் ஆபத்துக்கு உள்ளாவது மற்றவர்களைவிட எளிது. கணவன் அத்தொழிலில் இருக்கும் கர்ப்பிணிகளிடையே தொற்று விகிதம் சற்று உயர்ந்து காணப்படுகிறது என்பதைக் கண்காணிப்பு அறிக்கைகளே சொல்கின்றன. ஆனால் இது தொழிலைப் பற்றிய உண்மை, மண்ணைப் பற்றியதன்று. நாமக்கல்லில் பதிவான லாரி எந்த மாநிலத்து நெடுஞ்சாலையில் நின்றபோது அதன் ஓட்டுநருக்குத் தொற்று வந்தது என்று எந்தப் பட்டியலாலும் சொல்ல முடியாது. அதே வேலையை அதே அளவில் செய்யும் சங்ககிரி, எல்லைக்கோடு அந்தப் பக்கம் விழுந்தமையால், சேலத்துக் கணக்கில் கரைந்துபோயிற்று. மேலும், லாரித் தொழிலாளரிடம்தான் ஆபத்து என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, 1990களிலிருந்து அங்கே போய் முகாம் போட்டு, ரத்தம் எடுத்து, ஆலோசனை சொன்னவர்கள் நாமே. ஒரு மாவட்டத்தை மற்றவற்றைவிட உன்னிப்பாகத் தேடிவிட்டு, அங்கே மற்றவற்றைவிட அதிகம் கிடைத்தது என்று ஆச்சரியப்படுவது நியாயமா?

மாவட்டங்களைத் தரம் பிரித்த அரசாங்க முறையையும் இங்கே பார்க்க வேண்டும். ஏனெனில், பத்திரிகைகளைவிட நிதானமானது என்று நாம் நம்பும் காரியாலயங்களும் இந்த மயக்கத்துக்கு உதவி செய்திருக்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், மாவட்டங்களை 'ஏ' முதல் 'டி' வரை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுள் ஏதேனும் ஓர் ஆண்டில், மாவட்டத்தின் ஏதேனும் ஒரு கண்காணிப்பு நிலையத்தில், கர்ப்பிணிகளிடையே தொற்று 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அம்மாவட்டம் 'ஏ' வகுப்பு. ஒரு நிலையத்தில் எடுக்கும் மாதிரி 400. நாலு பேருக்குத் தொற்று இருந்தால் சரியாக 1 சதவீதம். ஐந்து பேருக்கு இருந்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. ஒரு மாவட்டத்துக் கர்ப்பிணிகளிடையே உண்மையான விகிதம் அரைச் சதவீதந்தான் என்று வைத்துக்கொள்வோம். 400 பேரில் சராசரியாக இருவர் அகப்பட வேண்டும். ஆனால் வெறும் தற்செயலாலேயே ஏறக்குறைய இருபது தடவைக்கு ஒரு தடவை ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ அகப்பட்டுவிடுவார்கள். இரண்டு நிலையம், மூன்று ஆண்டு, ஆக ஆறு தடவை என்றால், அவற்றுள் ஒன்றிலேனும் கோட்டைத் தாண்டிவிடும் சாத்தியம் நாலில் ஒரு பங்குக்கு மேல். பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிப்பதற்கு இது போதுமான முறையே. சந்தேகம் வந்தால் கூடுதலாகச் செலவிடட்டும் என்ற எண்ணத்தில் வகுத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உதவித் தொகைக்காகக் குத்திய முத்திரையை ஒழுக்கச் சான்றிதழாக வாசித்துக் காட்டினார்களே, அதுதான் அக்கிரமம். நானூற்றில் நாலு என்ற விடையிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது, உண்மை விகிதம் கால் சதவீதத்துக்கும் இரண்டரைச் சதவீதத்துக்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பது மாத்திரமே. அவ்வளவு அகன்ற இடைவெளிக்குள் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை வைப்பது எப்படி?

தாம்பரத்தை வைத்துப் பார்த்தால் வேடிக்கை இன்னும் நன்றாக விளங்கும். அக்காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்த மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். மருந்துக்காக வந்தவர்கள் பலர். சொந்த ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் அண்டை வீட்டாரின் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து, இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் பலர். சிகிச்சை நிலையத்துப் பதிவேட்டை எண்ணி மாவட்டக் கணக்குப் போட்டால், காஞ்சிபுரம் இந்நோயின் தலைநகரம் என்று முடியும். பயந்து ஓடிவந்தவர்களின் சொந்த மாவட்டங்கள் பரிசுத்தமாகக் காட்சியளிக்கும்.

அப்படியானால் பரவலை அறிய வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது தலையெண்ணும் வழியன்று. 1998 முதல் நாடு முழுவதும் ஒழுங்காக நடந்துவந்த கண்காணிப்பு முறையின் தத்துவம் மிகவும் எளிமையானது: அதே நிலையம், அதே மூன்று மாதம், அதே வரிசை, அதே சோதனை. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு முதல் தடவையாக வரும் பெண்களை, ஒருவரையும் தேர்ந்தெடுக்காமல், ஒருவரையும் தள்ளாமல், வந்த வரிசையிலேயே 400 பேர் சேரும் வரையில் எடுத்துக்கொள்வார்கள். மேகநோய் இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக எடுக்கும் அதே ரத்தந்தான். புதிதாக ஓர் ஊசி கிடையாது. சீரம் பிரித்த பிறகு ஆய்வுக்கூட உதவியாளர் அதில் ஒரு பகுதியைச் சிறு குப்பியில் ஊற்றி, ஓர் எண்ணை ஒட்டுவார். கூடப்போகும் படிவத்தில் வயது, படிப்பு, எத்தனையாவது பிரசவம், கிராமமா பட்டணமா, கணவனின் தொழில் என்ன, அவன் வெளியூரில் தங்கி வேலை பார்க்கிறவனா என்பவை இருக்கும். பெயர் இராது, விலாசம் இராது. குப்பி ஆய்வுக்கூடத்தை அடைந்த பிறகு, அது யாருடையது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி வருஷந்தோறும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே விதமாகப் பார்த்தால், இடத்தையும் ஆளையும் பற்றித் திட்டமாகச் சொல்ல முடியாவிட்டாலும், காலத்தைப் பற்றி ஏதோ சொல்ல முடியும்.

இம்முறையிலும் குறை உண்டு; கூர்மையாகக் குறை கண்டவர்கள் இந்நாட்டு ஆராய்ச்சியாளர்களே. கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். தனியார் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன பெண்ணுக்குத் தொற்று என்று தெரிந்த மறுநிமிஷமே, "ஜி.எச்.சுக்குப் போய்விடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து வாசலைக் காட்டுவது அந்நாளில் சர்வ சாதாரணம். இப்படித் துரத்தப்பட்டவர்கள் எல்லோரும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் வந்து சேர்ந்தால், அவ்வரிசையின் விகிதம் ஊரின் விகிதத்தைவிட உயர்ந்து நிற்பதில் வியப்பென்ன? ஆந்திரத்துக் குண்டூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்து, 2006இல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறையின் மதிப்பீடு உண்மைத் தொகையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கண்டார்கள். அதே காலத்தில் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண் பெண்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், தேசிய விகிதம் 0.28 சதவீதம், தமிழ்நாட்டு விகிதம் 0.34 சதவீதம் என்று வந்தது. இவை கிடைத்த பிறகுதான், கண்காணிப்பு நிலையங்களும் அதிகமான பிறகுதான், 2007இல் கணக்குத் திருத்தப்பட்டது. தன் தவற்றைத் தானே அளந்து, ஊரறிய அறிவித்து, பழைய ஆண்டுகளுக்கும் புதிய முறைப்படி திரும்பக் கணக்குப் போட்ட ஒரு காரியத்தை மோசடி என்று அழைக்கிறவர்கள், மோசடி செய்கிறவன் தன் கள்ளக் கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டுவதை எங்கே கண்டார்களோ தெரியவில்லை.

நகைக்கிறவர்களின் வாதம் வேறோர் இடத்திலும் உடைகிறது. படிக்கல் கனமாகிவிட்ட தராசில் மூட்டையின் சரியான எடை தெரியாது. ஆனால் அதே கல்லை வைத்து மாதந்தோறும் நிறுத்துவந்தால், மூட்டை இளைக்கிறதா பெருக்கிறதா என்பது தெரியும். 25 லட்சமா 52 லட்சமா என்பது எடையைப் பற்றிய வழக்கு; பரவுகிறதா தணிகிறதா என்பது இளைப்பைப் பற்றிய வழக்கு. முன்னதில் தோற்றதற்காகப் பின்னதையும் தள்ளிவிடச் சொல்வது தர்க்கமாகாது. கல்லே நடுவில் மாறியிருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். அது மதிக்கத்தக்க கேள்வி. தனியார் துரத்தும் வழக்கம் வருஷத்துக்கு வருஷம் கூடினாலோ குறைந்தாலோ போக்கும் பொய்யாகக் காட்டும். ஆகையினால்தான், 2006இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ராஜேஷ்குமாரும் பிரபாத் ஜாவும் மற்றவர்களும் எழுதியபோது, எல்லா வயதினரையும் கலந்து பாராமல், 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவ்வயதில் காணும் தொற்று புதிய தொற்று. சாவினால் தொகை குறைந்தது என்ற ஆட்சேபத்துக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் அப்பெண்களிடையே 2000இல் 1.7 சதவீதமாக இருந்தது 2004இல் 1.1 சதவீதமாக இறங்கியிருந்தது. வடமாநிலங்களில் அத்தகைய தெளிவான இறக்கம் இல்லை. ஆட்டமே பொய் என்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே சோதனை தெற்கே ஒன்றும் வடக்கே ஒன்றும் சொல்லவேண்டிய அவசியம் என்ன?

தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 2001இல் கர்ப்பிணிகளிடையே 1 சதவீதத்தைத் தாண்டி நின்ற விகிதம், அப்பத்தாண்டு முடிவதற்குள் அரைச் சதவீதத்துக்குக் கீழே வந்து, 2017இல் 0.3 சதவீதத்துக்கும் தாழ்ந்தது. இதே காலத்தில்தான் நம்பிக்கை மையங்கள் பெருகிக் கண்டறிந்தவர்களின் தொகை ஏறியது. பத்திரிகைகள் ஏறுமுகத்தை எழுதின. நோய் தணிந்துகொண்டிருந்த வருஷங்களிலேயே நோய் பாய்ந்து வருவதாகப் படித்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்திய வருஷங்களில், தொற்று உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோதோ, சோதிப்பார் இல்லாமையால் தொகை சிறிதாக இருக்க, இது நம்மூர் வியாதியல்ல என்று நிம்மதியாக இருந்தோம். பட்டியலை நம்பியவர்களுக்கு இரண்டு தடவையும் திசை தவறிற்று.

பெயரில்லாக் குப்பியைப் பற்றி ஒரு தர்ம ஆட்சேபமும் கிளம்புவதுண்டு: ஒரு பெண்ணின் ரத்தத்தில் தொற்றைக் கண்டுவிட்டு, அவளிடம் சொல்லாமல், எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போவது கொடுமையல்லவா? மற்ற ஆட்சேபங்களைவிட இதற்குக் கனம் அதிகம். இன்று, அதே வளாகத்தில் உள்ள நம்பிக்கை மையத்தில் அவளுக்குச் சோதனை வேறாகச் செய்து முடிவு சொல்லப்படுகிறது. தொற்று இருந்தால் குழந்தைக்குச் செல்லாதபடி மருந்தும் கிடைக்கிறது. ஆகவே அவளுக்கு மறைப்பது ஒன்றுமில்லை. ஆனால் 1998இல், மருந்தும் இல்லாத, ஆலோசகரும் இல்லாத ஆஸ்பத்திரிகளில், அக்குப்பி போனது போனதுதான். அந்நாளைய பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை எந்தத் தத்துவத்தாலும் தீர்க்க முடியாது. அதற்குப் பரிகாரம் பெயரை ஒட்டுவதா என்றால், இல்லை. பெயர் ஒட்டும் ஆஸ்பத்திரி என்று தெரிந்தால், பயமுள்ளவர்கள் வரமாட்டார்கள். பயமுள்ளவர்கள் வராத வரிசையில் எண்ணிய 400, 400 அல்ல.

பட்டியல் மோகம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுவே. எண்ணிக்கைதான் உண்மை என்றால், எல்லோரையும் எண்ணிவிட வேண்டியதுதானே, கல்யாணத்துக்கு முன் கட்டாயச் சோதனை வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறார்கள். கால் சதவீதங்கூட இல்லாத ஒரு தொற்றை ஒரே ஒரு சோதனையால் எல்லோரிடமும் தேடினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். லட்சம் பேரில் 200 பேருக்குத் தொற்று இருப்பதாகவும், சோதனை ஆயிரத்துக்கு ஐந்து தடவை தவறாக 'உண்டு' என்று சொல்வதாகவும் கொண்டால், உண்மையான 200 பேரோடு, தொற்றே இல்லாத சுமார் 500 பேரும் 'உண்டு' என்ற சீட்டோடு வெளியே வருவார்கள். இதனால்தான் நம்பிக்கை மையங்களில் மூன்று வெவ்வேறு சோதனைகளைச் செய்த பிறகே முடிவு சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்து அவசரத்தில் அந்த மூன்றுக்கும் யார் காத்திருப்பார்கள்? சென்ற மாதம் தொற்றியவருக்குச் சோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும் என்பதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவருடைய தெளிந்த சம்மதமின்றி அவரைச் சோதிக்கக்கூடாது என்று விதித்துவிட்டு, சில விலக்குகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, நோய்ப் பரவலைக் கண்காணிப்பதற்காகச் செய்யும் சோதனை. அதுவும், ஆள் இன்னாரென்று தெரியாதபடி இருந்தால் மட்டும், இன்னாருக்குத் தொற்று உண்டா என்று அறியும் நோக்கம் இல்லாதிருந்தால் மட்டும். பரவலை அறிவது ஒன்று, ஆளை அறிவது வேறொன்று என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாவட்டவாரியாகவும் ஊர்வாரியாகவும் பட்டியல் கேட்டு மனு எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவு வரை படித்ததாகத் தெரியவில்லை.